கடையில் இல்லையா? கடைந்து எடு!

“அது இப்ப வர்றதில்லைங்க.”

கடைக்காரர் இப்படிச் சொன்னதும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு படியிறங்குகிற கூட்டத்தில் நீயும் உண்டா? அவர் மேல் குற்றமில்லை. சரக்கு இல்லை, இல்லையென்று சொல்லிவிட்டார். அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு, நல்ல இயந்திரத்தைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டாயே, அங்கேதான் என் கோபம். எங்கோ ஒரு தொழிற்சாலையில் ஓர் அச்சைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டார்கள் என்பதற்காக உன் பத்து விரலும் வேலைநிறுத்தம் செய்ய வேண்டுமா?

வட்டத்தின் பரப்பளவை எட்டாம் வகுப்பிலேயே கண்டுபிடித்துவிட்டாய். பிளஸ் ஒன் ஆய்வகத்தில் வெர்னியர் காலிப்பரைப் பிடித்து அளந்தாய், ரெக்கார்டு நோட்டில் எழுதினாய், கையெழுத்தும் வாங்கினாய். அந்த வெர்னியருக்கு மதிப்பெண்ணைத் தவிர வேறு வேலையே கிடையாது என்று உனக்கு யார் சொன்னது?

தம்பி, தங்கச்சி, மேடையேறி நின்று “உன்னால் முடியும்” என்று மூன்று முறை கத்தச் சொல்கிறவன் இல்லை நான். கத்தினால் தொண்டைதான் கட்டும். உன் முன்னால் ஓர் இத்தாலிய இயந்திரத்தை வைக்கிறேன். கையைப் போடு. முடியுமா முடியாதா என்பதை உன் விரல் சொல்லட்டும்.

லீவர் எஸ்பிரெஸ்ஸோ இயந்திரம். கல்யாண மண்டபத்தில் புஸ்ஸென்று நீராவி விட்டுப் பாலை நுரைக்க வைக்கிறார்களே, அதை மனதில் கொண்டுவராதே. இதில் மோட்டார் கிடையாது, பம்ப் கிடையாது. ஒரு கொதிகலன், ஒரு சிலிண்டர், அதற்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனை ஏற்றி இறக்க நீளமாய் ஒரு கைப்பிடி. பிஸ்டன் மேலேறும்போது கொதிகலனின் வெந்நீர் சிலிண்டருக்குள் பாயும். கீழிறங்கும்போது அந்த நீரைக் காபித்தூள் வழியே அழுத்தித் தள்ளும். அழுத்தத்தைச் சில வகைகளில் ஒரு கனத்த ஸ்பிரிங் தருகிறது. சிலவற்றில் ஸ்பிரிங்கும் இல்லை, உன் தோள்பலம்தான். மிலானின் லா பவோனி நிறுவனம் 1961-இல் கொண்டுவந்த யூரோபிக்கோலா இந்த இரண்டாவது ரகம். 1973-இல் வந்த ‘லிவ் அண்ட் லெட் டை’ என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ரோஜர் மூர் தன் மேலதிகாரிக்குக் காபி போடுவது இதில்தான். துப்பாக்கியைவிட அந்தக் கைப்பிடியைத்தான் அவர் கவனமாகப் பிடித்திருப்பார் என்பது என் கட்சி.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார். பிஸ்டன் விட்டம் 49 மி.மீ. என்று வைத்துக்கொள். பரப்பளவு ஏறக்குறைய 18.9 சதுர செ.மீ. ஒழுங்கான எஸ்பிரெஸ்ஸோவுக்கு 9 பார் அழுத்தம் வேண்டும். பெருக்கினால் சுமார் 170 கிலோ பாரம். இரண்டு பெரிய மனிதர்கள் ஏறி நிற்கிற பாரத்தை உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பிஸ்டன் வாங்கிக்கொள்கிறது. அவ்வளவு அழுத்தத்திலும் ஒரு சொட்டு மேலே கசியாமல் பிடித்து நிறுத்துவது அதைச் சுற்றியிருக்கிற ரப்பர் சீல். ஆண்டுக்கணக்கில் சூட்டில் வெந்தால் அந்த ரப்பர் கல்லாகும், வெடிக்கும். வெந்நீர் பின்பக்கமாக ஏறி வழியும். இயந்திரம் செத்துவிட்டது என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். செத்தது ஒரு ரப்பர் வளையம்!

சரி, இந்தப் பிஸ்டனைக் கொண்டுவந்தவர் யார்?

அக்கில்லே காஜியா. மிலானில் காபிக்கடை நடத்தியவர். அவருக்கு முந்தைய இயந்திரங்கள் நீராவியின் பலத்தில் ஓடின. லூயிஜி பெட்ஸேரா 1901-இல் காப்புரிமை பெற்ற ஒன்றை டெசிடேரியோ பவோனி வாங்கி, 1905-இல் தொழிலாகத் தொடங்கினார். நீராவியால் தர முடிந்த அழுத்தம் ஒன்றரை, இரண்டு பார். அதைக் கூட்ட வேண்டுமென்றால் சூட்டைக் கூட்ட வேண்டும், சூடு கூடினால் காபி கருகும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கருகலைத்தான் காபி என்று எல்லோரும் குடித்துக்கொண்டிருந்தார்கள். கல்லாவில் உட்கார்ந்து காசு எண்ணிக்கொண்டிருந்திருந்தால் காஜியாவும் அப்படியே காலத்தை ஓட்டியிருப்பார். அவருக்குப் பொறுக்கவில்லை. 1938-இல், நீராவியை விலக்கிவிட்டுப் பிஸ்டனால் தண்ணீரைத் தள்ளும் ஓர் அமைப்புக்குக் காப்புரிமை கேட்டார்.

அதற்கு மறு வருஷம் போர் வந்தது. மிலான் மேல் குண்டுமழை பொழிந்தது. போர் முடிந்த பிறகு, 1947-இல், லீவரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த பிஸ்டனோடு மறுபடி வந்து நின்றார். ஒன்பது வருஷம்! ஒரு தேர்வு தள்ளிப்போனால் ஒன்பது நாள் படுக்கையைவிட்டு எழாத நம்மை நினைத்துக்கொள். 1948-இல் அவர் பெயரில் நிறுவனம் பிறந்தது. அந்த இயந்திரத்திலிருந்து இறங்கிய காபியின் மேல் பொன்நிற நுரை கட்டி நின்றது. அதுவரை எவரும் காபியில் அப்படியொரு நுரையைப் பார்த்ததில்லை. சந்தேகப்பட்டார்கள். காஜியா அந்த நுரையை வடிகட்டி ஒளிக்கவில்லை. ‘காபியின் இயற்கையான கிரீம்’ என்று இயந்திரத்தின் நெற்றியிலேயே எழுதிவைத்தார். குறை என்று ஊர் சொன்னதைக் கொடியாக ஏற்றினார். இன்றைக்கு அந்த நுரை இல்லாத எஸ்பிரெஸ்ஸோவைக் கொடுத்தால் வாடிக்கையாளர் கோப்பையைத் திருப்பி அனுப்புகிறார்.

இதில் நீ கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. 1938-இல் அவருக்கு வேண்டிய பிஸ்டன் எந்தக் கடையில் தொங்கிக்கொண்டிருந்தது? எந்தப் பட்டியலில் அதற்கு எண் இருந்தது? முதல் இயந்திரத்தின் அந்தப் பிஸ்டன், அந்த பின், அந்த வளையம் எல்லாம் யாரோ ஒருவர் அளந்து, வரைந்து, கடைந்து, தேய்த்து, பொருத்திப் பார்த்துச் செய்தவை. பிற்பாடுதான் அவற்றுக்குப் பெட்டியும் விலையும் வந்தன. உதிரி பாகம் என்று நீ வாங்குகிற எதுவும் ஒரு காலத்தில் கையால் செய்த பாகம். நீ அதை மறுபடி செய்யும்போது புதிதாக எந்த அதிசயத்தையும் நிகழ்த்தவில்லை. ஏற்கெனவே ஒரு மனிதக் கை செய்ததை இன்னொரு மனிதக் கை செய்கிறது. இதற்கா நடுங்குகிறாய்?

வா, மேஜைக்கு வருவோம்.

கழற்றும்போதே ஒவ்வொரு பாகத்தையும் படம் எடு. எந்த வாஷர் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று குறித்து வை. பழையதை எதையும் குப்பையில் போடாதே. உடைந்த சீலானாலும் பெயர் எழுதிய கவரில் போட்டு வை, அதுதான் உனக்குக் கிடைத்திருக்கிற வரைபடம். உப்புப் படிந்து இறுகிய இடத்தில் சுத்தியலைத் தூக்காதே. எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடையில் விற்கிற சிட்ரிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்து ஊற வை. ஆனால் ஊறப் போட்டுவிட்டு சினிமாவுக்குப் போய்விடாதே. அதிக நேரம் கிடந்தால் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து வெளியேறி, பாகம் ரோஜா நிறத்தில் செம்பாக இளிக்கும்.

அடுத்தது அளவெடுப்பு. பெரும்பாலானவர்கள் கவிழ்வது இங்கேதான், ஆகவே கொஞ்சம் நின்று பேசுவோம்.

கைப்பிடியின் கவட்டையையும் பிஸ்டன் தண்டையும் இணைக்கிற பின் ஒன்று உண்டு. ஒவ்வொரு காபிக்கும் மொத்தப் பாரமும் அதன் வழியாகத்தான் போய் வருகிறது. என் இயந்திரத்தில் அது தேய்ந்துபோய் ஆட்டம் கொடுத்தது. லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

“சாம்பிள் இருக்குங்களா சார்?”

“இருக்குண்ணே. ஆனா சாம்பிளைப் பார்த்துப் போட்டுடாதீங்க.”

லேத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “அப்ப வேற எதைப் பார்த்துப் போடறதுங்க?”

ரூல் போட்ட நோட்டுத் தாளில் பென்சிலால் வரைந்திருந்ததை நீட்டினேன். பழைய பின்னை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டி வெளிச்சத்தில் பிடித்தார். “ஆமா, நடுவுல இடுப்பு விழுந்திருக்கு” என்றார். நடுப்பகுதி தேய்ந்து மெலிந்திருந்தது. இரண்டு முனையும், துளைக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்த பகுதி, புதிதாய் வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தன. நான் அளந்திருந்தது அந்த முனையை. பிறகு அவரே ஒன்று சொன்னார்: “ஓரத்தை லேசா உடைச்சு விடறேன் சார். இல்லேன்னா மாட்டும்போது உங்க ரப்பரை அறுத்துடும்.” என் படத்தில் அது இல்லை. அந்த ஒரு வாக்கியத்துக்கே அவருக்குக் கூலி தகும். மெஷின் ஓட்டுகிறவரிடம் வாயைத் திறந்து கேள். உன் கௌரவம் குறையாது.

தேய்ந்த பாகத்தைப் பார்த்து நகலெடுத்தால் தேய்மானத்தைத்தான் நகலெடுப்பாய். புதுப் பின் புது ஆட்டத்தோடு பிறக்கும். உன்னையும் நீ இப்படித்தான் அளந்துகொண்டிருக்கிறாய்! வேலை போன மாதத்தை வைத்து, தோற்ற தேர்வை வைத்து, யாரோ நாலு பேர் நடுவில் சிரித்த சிரிப்பை வைத்து உன் விட்டத்தை எழுதிவைத்திருக்கிறாய். அது இடுப்பு விழுந்த இடம். தேயாத முனை ஒன்று உன்னிடம் இருக்கிறது. சின்ன வயதில் யாரும் சொல்லாமலே ரேடியோவைப் பிரித்தாயே, அந்த முனை. வெர்னியரை அங்கே வை.

பின்னை எந்த உலோகத்தில் செய்வது என்பதிலும் ஒரு சூட்சுமம். “நல்ல கெட்டியான ஸ்டீல்ல போட்டுடுங்க, தேயவே கூடாது” என்று சொல்லத் தோன்றும். பின் தேயாது. அதைத் தாங்குகிற கவட்டையின் துளை தேய்ந்து முட்டை வடிவமாகும். பின் செய்வது அரை மணி நேர வேலை. கவட்டை செய்வது அப்படியா? ஆகவே துளையை ரீமர் விட்டு மறுபடி வட்டமாக்கி, உள்ளே புஷ் என்கிற உள்வளையம் ஒன்றை அடித்து, தேய்வதெல்லாம் அந்த புஷ்ஷோடு போகும்படி அமைத்துக்கொள்வது கெட்டிக்காரத்தனம். எது தேய வேண்டும் என்று தீர்மானிக்கிற அதிகாரம் உன் கையில் வந்துவிட்டதைக் கவனித்தாயா? காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு அந்த அதிகாரம் கிடையாது.

அடுத்த பூச்சாண்டி, மரை. கொதிகலனில் ஒரு பிட்டிங் போய்விட்டது. வெர்னியரை வைத்தால் வெளிவிட்டம் 13.16 மி.மீ. காட்டுகிறது. எந்த அட்டவணையைப் பார்த்தாலும் பதின்மூன்றேகாலுக்குப் பக்கத்தில் மெட்ரிக் மரை கிடையாது. இத்தாலிக்காரன் ஏதோ ரகசியமாகப் பண்ணிவிட்டான் என்று தோன்றும். பக்கத்துத் தெரு பிளம்பரைக் கூப்பிட்டுக் காட்டு. “இது காலிஞ்சுங்க” என்பார். கால் அங்குலம் 6.35 அல்லவா, இது இரண்டு மடங்கு இருக்கிறதே என்று அவரோடு சண்டைக்குப் போகாதே. குழாய் மரைக்கு வழங்குகிற அளவு பழைய காலக் குழாயின் உள்துளையை ஒட்டி வந்தது, வெளிவிட்டம் அதைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். கால் அங்குலத்துக்கு 13.16, முக்கால்வாசி அரைக்கு, அதாவது எட்டில் மூன்றுக்கு 16.66, அரை அங்குலத்துக்கு 20.96. முதல் இரண்டிலும் ஓர் அங்குலத்துக்கு 19 புரி, மூன்றாவதில் 14. புரியின் கோணம் 55 டிகிரி. மெட்ரிக் மரைக்கு 60. இந்த ஐந்து டிகிரி கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். இரண்டு சுற்று சுகமாக ஏறி மூன்றாவதில் முரண்டு பிடித்தால் ஸ்பேனரை நீட்டாதே, கையை எடு. பிட்ச் கேஜ் தகட்டை மரையில் பதித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடி. இடைவெளி தெரியாவிட்டால் அதுதான் ஜோடி.

அரை மணி நேரத்தில் ரகசியம் பிளம்பிங் கடைச் சரக்காகிவிட்டது, பார்த்தாயா! தெரியாததற்கெல்லாம் பெரிய பெயர் வைத்துப் பயந்துகொண்டிருக்கிறோம்.

ரப்பருக்கு வருவோம். “ரப்பர்னா ரப்பர்தானே” என்று சைக்கிள் டியூபை வெட்டிப் போடுகிற ஆள் நீயென்றால் இங்கேயே நிறுத்திக்கொள். கொதிகலனில் ஒரு பார் அழுத்தம் ஏறினால் உள்ளே நீர் 120 டிகிரி செல்சியஸ். வெந்நீருக்கும் நீராவிக்கும் ஈ.பி.டி.எம். என்கிற ரப்பர் நன்றாகத் தாங்கும். ஆனால் அதற்கு மினரல் ஆயில் ஆகாது. சாதாரண கிரீஸைத் தடவினால் உப்பிப் போகும், உணவுக்கு ஏற்ற சிலிக்கோன் கிரீஸ்தான் தடவ வேண்டும். விட்டான் என்கிற ரப்பர் எண்ணெய்க்கும் உலர்ந்த சூட்டுக்கும் சூரன், ஆனால் அதன் சாதாரண ரகங்கள் நீராவியில் தாக்குப்பிடிப்பதில்லை. சிலிக்கோன் மிருதுவானது, அச்சு செய்து நீயே ஊற்றிக்கூட வார்க்கலாம். போர்ட்டாஃபில்டரின், அதாவது காபித்தூளைப் பிடிக்கிற கைப்பிடிக் கிண்ணத்தின், மேல் உட்கார்கிற கேஸ்கெட்டுக்கு மிகவும் நல்லது. பிஸ்டன் சீலுக்கு உதடு வைத்த வகை வேண்டும். உதடு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்க அழுத்தத்தைத்தான் அது பிடிக்கும். யூரோபிக்கோலாவின் கீழ்ச் சீலுக்கு உதடு காபியைப் பார்த்துக் கீழ்நோக்கி, மேல் சீலுக்கு மேல்நோக்கி. தலைகீழாக மாட்டினால் உலகத்திலேயே சிறந்த ரப்பரும் ஒழுகும்.

போர்ட்டாஃபில்டர் கேஸ்கெட்டின் கனம் அரை மில்லிமீட்டர் மாறினால் என்ன ஆகும் தெரியுமா? போர்ட்டாஃபில்டரின் கைப்பிடி நிற்கிற இடமே மாறிவிடும். கனம் குறைந்தால் நேரே நிற்க வேண்டிய கைப்பிடி வலது பக்கம் தாண்டிப் போய்விடும். கூடினால் உள்ளேயே நுழையாது. அடியில் மெல்லிய காகிதத் தகடு ஒன்றை வெட்டிக் கொடுத்துச் சரிக்கட்டலாம்.

தட்டைக் கேஸ்கெட், நம் மெக்கானிக்குகள் பாஷையில் ‘பேக்கிங்’, வெட்டுவதற்கு இயந்திரமே வேண்டாம். பித்தளை ஃபிளாஞ்சின் மேல் ஷீட்டை விரித்து, அசையாமல் பிடித்து, உருண்டைத் தலை சுத்தியலால் ஓரம் நெடுக இலேசாகத் தட்டிக்கொண்டே போ. உலோகத்தின் விளிம்பு அடியிலிருந்து ஷீட்டில் கோடு போடும். போல்ட்டுத் துளை ஒன்றை முதலில் தட்டித் திறந்து அதில் ஒரு போல்ட்டைச் செருகிவிட்டால் பிறகு ஷீட் நகராது, மற்ற துளைகள் தானாக வரிசையில் வந்து விழும். ஐம்பது ரூபாய்க்குக்கூடப் பெறாத ஒரு ஷீட் துண்டில் கொதிகலனின் வாயே அச்சு அசலாக எழுந்து வரும்போது உன் முகத்தில் ஒரு களை வரும் பார், அதைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

‘இனி எல்லாவற்றையும் டெஃப்லானில் கடைந்துவிடுகிறேன், அதற்குத்தான் 260 டிகிரி வரை ஒன்றும் ஆகாதே’ என்று துள்ளுவாய். பொறு. சூட்டில் பொருள்கள் பெருக்கும். 50 மி.மீ. விட்டமுள்ள பித்தளைச் சிலிண்டர் 80 டிகிரி சூடேறினால் 0.08 மி.மீ. அளவுக்குப் பெருக்கும். அதே அளவு டெஃப்லான் வளையம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் பெருக்கும். காலையில் குளிர்ந்த சிலிண்டருக்குள் வழுக்கிக்கொண்டு போன வளையம், தண்ணீர் கொதித்ததும் கடித்துக்கொண்டு நிற்கும். பிளாஸ்டிக்கில் அச்சிடும் முப்பரிமாணப் பிரிண்டர் உன்னிடம் இருந்தால் நல்லது. பித்தளையை வெட்டுமுன் அதே அளவில் ஒன்றை அச்சிட்டுப் பொருத்திப் பார். ஆனால் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் என்றால் 60 டிகிரியிலேயே இளகும், அதையே நிரந்தரமாக விட்டுவிடாதே. தண்ணீர் தொடுகிற பாகத்துக்குப் பித்தளைத் தடி வாங்கும்போதும் ஒரு கேள்வி கேள். சுலபமாக வெட்டுப்படுவதற்காகச் சில பித்தளைகளில் சுமார் 3 சதவீதம் வரை ஈயம் கலந்திருப்பார்கள். ஈயமில்லாத பித்தளையோ 316 ஸ்டெயின்லெஸ்ஸோ வாங்கு. நீ குடிக்கப்போகிற காபி அதன் வழியாகத்தான் வருகிறது.

இவ்வளவு தூரம் உன்னை உசுப்பிவிட்டு இப்போது ஒரு கடிவாளமும் போடுகிறேன். சேஃப்டி வால்வை நீ செய்யாதே. முடியும் என்றாலும் செய்யாதே. காசு கொடுத்து, சோதித்து முத்திரை போட்ட புதியதை வாங்கு. கசிகிறது என்று பழையதை அடைக்கிறவன் வீரன் இல்லை, வீட்டுக்குள் வெடிகுண்டு வைக்கிறவன். பழைய கேஸ்கெட்டிலோ கொதிகலனைச் சுற்றிய காப்பிலோ சாம்பல் நிறத்தில் நார் நாராக ஏதாவது தெரிந்தால் ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள். உலர்ந்த நிலையில் சுரண்டாதே, உப்புத்தாள் போடாதே, அதைப் பிரிக்கத் தெரிந்தவரிடம் விடு. மின்சார எர்த் வயரை அதன் இடத்தில் மாட்டாமல் ஸ்விட்சைத் தொடாதே. ஸ்பிரிங் லீவர் என்றால், தூள் நிரப்பிய போர்ட்டாஃபில்டரைப் பூட்டாமல் கைப்பிடியை இழுத்துக் கையை விட்டுவிடாதே. எதிர்ப்பு இல்லாத ஸ்பிரிங் அந்தக் கைப்பிடியை மேலே அறையும். தாடை அங்கே இருந்தால் தாடைதான். எதைச் செய்யக்கூடாது என்று தெரிந்தவன்தான் மற்றதையெல்லாம் தைரியமாகச் செய்ய முடியும். தன்னம்பிக்கை பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தை மட்டும் வசதியாகக் கிழித்துவிடுகிறார்கள்.

“ஒரிஜினல் பார்ட் போடாவிட்டால் இயந்திரத்தின் மதிப்புப் போய்விடும்” என்று ஒரு கோஷ்டி வரும். சேகரிப்பாளர்கள். கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு அது நியாயமான பேச்சு. உன் இயந்திரம் காபி போட வேண்டியது. வெடித்த ஒரிஜினல் சீலைவிட நேற்று வெட்டிய ஈ.பி.டி.எம். சீல் காஜியாவுக்கு நெருக்கமானது, ஏனென்றால் அது வேலை செய்கிறது. பழையதைத்தான் கவரில் போட்டு வைத்திருக்கிறாயே, கேட்டால் எடுத்துக் காட்டு.

எல்லாம் மாட்டியாயிற்றா? நேரே நெருப்பு வைக்காதே. கொதிகலனைத் தண்ணீரால் முழுக்க நிரப்பி, காற்றே இல்லாமல் வெளியேற்றி, கைப்பம்பால் வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு கொடுத்துப் பார். காற்றை அடைத்துச் சோதிக்கவே கூடாது. தண்ணீர் கசிந்தால் சொட்டும், அமுக்கிய காற்று பிய்த்துக்கொண்டு போகும். கேஜ் முள் நகராமல் நின்றால் அடுத்ததாகச் சூடேற்று. எங்கேயாவது ஒரு மூட்டில் முத்துப்போல் ஒரு துளி எழும். எழட்டும். கால் சுற்று இறுக்கு. மறுபடி எழுந்தால் கழற்று, ஷீட்டை மறுபடி வெட்டு. உனக்குத்தான் வெட்டத் தெரியுமே! பெட்டியில் வந்த பாகத்தை நம்பியிருப்பவன் இந்த இடத்தில் மறுபடி கூரியருக்குக் காத்திருப்பான். நீ பத்து நிமிஷத்தில் அடுத்த பேக்கிங்கோடு நிற்பாய்.

முதல் இரண்டு காபியைக் கீழே கொட்டிவிடு, கிரீஸ் வாடை இருக்கும். மூன்றாவதற்குப் புதுக் கொட்டை அரை. இந்தியக் காபியை வாங்கும் நாடுகளில் இத்தாலி வெகுகாலமாக முன்னணியில் இருக்கிறது, அங்கே எஸ்பிரெஸ்ஸோவுக்குக் கலக்கிற கலவைகளில் நம் மலைகளின் ரொபஸ்டாவும் போய்ச் சேர்கிறது. ஆகவே இந்த இயந்திரத்துக்கு நம் கொட்டை அந்நியமில்லை. கைப்பிடியை உயர்த்து. சில விநாடி நிறுத்து, தண்ணீர் தூளில் ஊறட்டும். இப்போது அழுத்து. சீல் பிடிக்கிறதா என்பது உன் உள்ளங்கைக்குத் தெரியும். பஞ்சில் அமுங்குவதுபோல் இறங்கினால் எங்கோ காற்று. கனமாக, ஒரே சீராக எதிர்த்து நின்று இறங்கினால் அந்த 170 கிலோவையும் நீ வெட்டிய வளையம் தாங்குகிறது.

குடித்துவிட்டாயா? இப்போது பென்சிலை எடு. பின்னுக்கு என்ன விட்டம், புஷ்ஷுக்கு என்ன உலோகம், சீலுக்கு என்ன ரப்பர், எந்தத் தேதியில் மாட்டியது, எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்து இயந்திரத்தின் அடித்தட்டுக்குள் மடித்து வை. பத்து வருஷம் கழித்து இன்னொருவர் இதைத் திறப்பார், அவருக்கும் கடையில் “வர்றதில்லைங்க” என்றுதான் பதில் கிடைக்கும்.

கைப்பிடிக் குமிழ் மட்டும் பேக்கலைட் விரிசலோடு அப்படியே நிற்கிறதே, அதை யார் செய்வது? மரக்கடையில் தேக்குக் கழிவுத் துண்டு கிலோக் கணக்கில் கிடைக்கிறது. உள்ளே இருக்கிற மரை மெட்ரிக்கா குழாயா என்று முதலில் பார்.